மணலில் நட்ட பேரி

வெந்நீர்ப் பையை அம்மாவின் காலடியில் வைத்தேன். கொடைக்கானல் குளிர் அவளுக்குப் பழகவே இல்லை. வேலை முடிந்து வந்து இதையெல்லாம் செய்ய எனக்கும் தெம்பில்லை. ஜன்னலுக்கு வெளியே பேரிக்காய் மரம் பூத்திருந்தது.

சின்ன வயதில் கடலோரத் தங்கச்சிமடத்திலிருந்து பங்குக் கோயில் ஆட்களோடு ஒருமுறை இங்கே சுற்றிப்பார்க்க வந்தோம். பஸ் ஏற ஏறப் புளியமரங்கள் காணாமல் போயின. காபிச் செடிகள் வந்தன. அவையும் முடிந்த உயரத்தில்தான் பேரி மரங்கள் தொடங்கின. அம்மா ஒரு கன்று வாங்கி, ஊர்வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் மணலில் நட்டு, அப்பாவின் மீன் பெட்டியில் மிஞ்சிய ஐஸைத் தினமும் அதன் அடியில் கொட்டினாள். வாசலெல்லாம் மீன்வாடை.

"ஐஸக் கொட்டுனா இங்கன மலை வந்துருமா?" என்றார் அப்பா.

"குளுந்தாப் போதும், பொழச்சுக்கிரும்."

இலைகள் ஓரத்திலிருந்து கருகின. கடைசி இலை விழுந்த பிறகும் அவள் கொட்டுவதை நிறுத்தவில்லை.

அப்பா இறந்தபின் அவளைத் தனியாக விட மனமில்லாமல் நான்தான் இங்கே கூட்டிவந்தேன்.

"சூடு போதுமாம்மா?"

அவள் வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்யா. நானும் அந்தக் கன்னுக்குக் கொட்டிக்கிட்டேதான இருந்தேன்."