றைட் விங்கும் என் மூக்குக் கண்ணாடியும்

ஒரு மடத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் மச்சான் யூட்டுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது என்று நான் ஒருமுறை முழுதாக நம்பினேன்.

யூட் என் மனைவி மெற்றில்டாவின் தம்பி. தொழிலே உதைபந்தாட்டம். சம்பளம் வாங்கிக்கொண்டு பந்தின் பின்னால் ஓடியவன். இடம் – றைட் விங்.

போன கிழமை வீட்டுக்கு வந்தான். பையைக் கீழே போட்டான். "அப்பாடா" என்று கதிரையில் இருந்தான். அந்தக் கதிரையில் அவனுக்கு முன்பே என் மூக்குக் கண்ணாடி இருந்தது. டிக் என்று ஒரு சத்தம்.

"எழும்பாதை" என்றேன். எழும்பினால் என்ன, இருந்தால் என்ன... சட்டம் இரண்டாகிவிட்டது.

மெற்றில்டா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு வருசம் பந்தைக் கண்டு ஓடினவனுக்குக் கதிரையிலை கண்ணாடி கிடக்கிறது தெரியேல்லையே?"

நான் விடுவேனா? "அப்பவே சொன்னனான். உவனுக்குக் கண் தெரியாது."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்று சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய கதை. பத்திரிகையில் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு அதில் பாதி தெரியும். முன்பு ஒரு தடவை பெருமையாக எழுதியிருக்கிறேன். மீதிப் பாதி போன கிழமைதான் எனக்கே தெரிந்தது.

விங்கர் என்கிறவன் ஒரு தனிப் பிறவி. மைதானத்தின் ஓரக் கோடுதான் அவன் சொத்து. கோட்டோடு ஓடுவான். இரண்டு பேரைக் கழற்றுவான். நாக்குத் தள்ள ஒரு பந்தைக் கோல் வாசலுக்கு அனுப்புவான். வாசலில் சும்மா நிற்கிற ஒருவன் தலையைக் கொடுப்பான் – கோல். சனம் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடும்? தலையைக் கொடுத்தவனைத்தான். விங்கர் அங்கே மூலையில் குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருப்பான்.

எங்கள் ஊர் மைதானத்தில் இன்னொரு சிக்கல். ஒரு பக்க கோல் போஸ்டுக்குப் பின்னால் கடல். கடலிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் பந்து நம்முடையதல்ல, காற்றினுடையது. கடல் பக்கம் பார்த்து ஆடும்போது யூட் என்ன செய்வான் தெரியுமா? கோலைத் தாண்டி, கடலுக்கே அடிப்பது போல் ஓங்கி அடிப்பான். "போச்சு" என்று எல்லோரும் வாய் திறக்கும்போது காற்று பந்தைப் பிடித்துத் திருப்பிக் கோல் வாசலில் கொண்டுவந்து வைக்கும். இடைவேளைக்குப் பிறகு கடல் முதுகுப் பக்கம். அப்போது பந்தைத் தட்டுவதோடு அவன் வேலை முடிந்தது. மிச்சம் காற்றின் பொறுப்பு.

இந்த அழகையெல்லாம் மைக்கில் வர்ணிப்பது நான். ஊரில் எந்த மட்ச் என்றாலும் நேர்முக வர்ணனை அடியேன்தான். ஒருமுறை கரம்பொன்காரருடன் ஆட்டம். "அருமையான கோல், அடித்தவர் எங்கள் அன்ரன்" என்று முழங்கினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்ரன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம், என் பகிடிக்குத்தான் சனம் சிரிக்கிறது என்று நினைத்து இன்னும் உசாராகிவிட்டேன்.

சமாதான காலம் வந்து, கொழும்புப் பாதை திறந்து, கொழும்புக் கழகம் ஒன்று எங்கள் தீவின் மண்கும்பானுக்கு எங்களோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்கு வந்தது. அங்கேயும் கடற்கரை, அங்கேயும் சோளகம். யூட் கடலுக்கு அடித்த பந்துகள் எல்லாம் திரும்பி வந்து கொழும்புக்காரரின் வாசலில் விழுந்தன. அவர்களுடைய கோச் ஒரு கொழும்பு முஸ்லிம், தங்கமான மனிதர். ஆட்டம் முடிந்ததும் நேரே யூட்டிடம் வந்தார். "கொழும்புக்கு வாங்க தம்பி. ரெண்டு பிரக்டிஸ் மட்ச் வெளாடுங்க. புடிச்சா கொன்ட்ராக்ட். மாசச் சம்பளம், தங்க எடம், எல்லாம் கழகம் பாத்துக்கும்."

என் மாமனார் கடல் தொழிலாளி. மூத்த மகன் கனடாவுக்குப் போய்விட்டான். வள்ளத்துக்கு இரண்டாவது ஆள் யூட்தான். அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "போறதெண்டால் போ. எடுத்தாங்கள் எண்டால் அங்கையே நில். எடுக்காட்டி வந்து வள்ளத்திலை ஏறு. பிறகு பந்து எண்ட கதை இஞ்சை இருக்கக் கூடாது."

துணைக்கு நான். புறப்படும்போது மெற்றில்டா என்னிடம், "தம்பியைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள். பிறகு அவனைத் தனியே கூப்பிட்டு ஏதோ காதில் ஓதினாள். சாப்பாட்டு விஷயமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

கொழும்பில் நான்தான் வழிகாட்டி. பஸ்ஸின் போர்டைப் பார்த்து நான்தான் ஏற்றினேன். கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டிய நாங்கள் தெஹிவளையில் இறங்கினோம். யூட் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

முதல் மட்ச். நாலு பக்கமும் மதில். மதிலுக்கு அப்பால் மாடி வீடுகள். யூட் ஓடினான் – அழகான ஓட்டம். கழற்றினான். அடித்தான். பந்து நேரே வெளியே போனது. அடுத்ததும் வெளியே. அதற்கடுத்தது மதிலுக்கு மேலால் யாரோ வீட்டு முற்றத்துக்குள். இடைவேளைக்குப் பிறகு எல்லாம் தலைகீழ்... அடிக்கிற பந்து ஒன்றும் வாசல் வரை போகவில்லை. பாதி வழியில் களைத்து விழுந்தது.

கோச் என்னிடம் வந்தார். "மண்கும்பான்ல ஒரு புள்ள வெளாடுச்சே, அந்தப் புள்ள வரல்லயா? இது அதுட தம்பியா?"

முதலில் ஊர் வாய் பட்ட நாவூறு என்று நினைத்தேன். பிறகு லொட்ஜ் இடியப்பம் என்று நினைத்தேன். கையிலிருந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் தெளிவாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன் – கண். பிள்ளைக்குக் கோல் போஸ்ட் தெரியவில்லை. மனம் சும்மா இருக்குமா? கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைத் தடியுமாக யூட்டை இறங்குதுறையில் கண்டேன். பக்கத்தில் மாமனார் என்னைப் பார்த்து, "அப்ப நீர் ஏறும் வள்ளத்திலை" என்கிறார். நானோ காரைநகருக்குப் போகிற மிதவைப் பாதையில் ஏறினாலே கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிடுகிறவன்.

"டேய், உன்ரை கண்ணிலை ஏதும் பிழையோ?" என்று கேட்டேன்.

யூட் சப்பாத்தைக் கழற்றுவதை நிறுத்தினான். "இருக்கும் அத்தான்" என்றான். "ஒருக்காக் காட்டிப் பாப்பம்."

"நாளைக்குப் பிரக்டிஸ் எல்லே? மற்ற நாள் கடைசி மட்ச்."

"அது பறவாயில்லை. கண்தானே முக்கியம்."

அடுத்த நாள் பிரக்டிஸைக் கைவிட்டுவிட்டுக் கண் கடைக்குப் போனோம். யூட் கதிரையில் ஏறி இருந்து, சுவரில் தொங்கிய அட்டையை மேலிருந்து கீழே கடகடவென்று வாசித்தான். கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்திருக்கிறது. அதையும் வாசித்தான்.

"தம்பிக்கு ஒரு குறையுமில்லை" என்றார் கடைக்காரர்.

யூட் இறங்கினான். "வந்ததுக்கு நீங்களும் ஒருக்கா இருந்து பாருங்கோவன் அத்தான்."

எனக்கென்ன பயம்? ஏறி இருந்தேன். பெரிய எழுத்து தெரிந்தது. அதற்குக் கீழே அட்டையில் ஏதோ பூச்சி ஊர்ந்த தடம். "இதிலை எழுத்து அழிஞ்சு போச்சு. புது அட்டை வாங்குங்கோ" என்று கடைக்காரருக்குப் புத்தி சொன்னேன்.

அன்று பின்னேரமே எனக்கு மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது. யூட்டின் வியாதிக்குத்தான் இன்னும் பெயர் தெரியவில்லை.

கடைசி மட்ச் நாள். யூட் விடியவே எழும்பி மைதானத்துக்குப் போய்விட்டான். நான் லொட்ஜ் மொட்டை மாடியில் தோய்த்த உடுப்பைக் காயப் போட்டேன். லொட்ஜ்காரரின் மனைவி யாழ்ப்பாணம் சுன்னாகத்து ஆள். மிளகாய் காயவைக்க வந்தவர் என் கொடியைப் பார்த்தார்.

"என்ன அண்ணை, வேட்டியைக் கயித்தோடை சேத்து முடிச்சுப் போட்டிருக்கிறியள்? ஆரும் களவெடுத்துப்போடுவினம் எண்டோ?"

"இல்லைத் தங்கச்சி, பறந்திடுமெல்லே."

"பறக்கவோ? இஞ்சை கோழி இறகை வைச்சாலும் கிடந்த இடத்திலை கிடக்கும். நீங்கள் தீவாரே?"

எங்கள் ஊரில் முடிச்சுப் போடாமல் உடுப்புக் காயப் போடுகிறவன் கிடையாது. வாடைக் காற்றுக்கு விட்டால் வேட்டி அனலைதீவில் போய் இறங்கும். புதுக் கண்ணாடிக்குள்ளால் சுற்றிப் பார்த்தேன். வேட்டி ஆடவில்லை. யூட்டின் ஜேர்ஸி ஆடவில்லை. அடுத்த வீட்டுத் தென்னோலை படத்தில் வரைந்தது போல் நின்றது.

காற்று இல்லை! இவன் இல்லாத காற்றுக்கு அடித்துக்கொண்டிருக்கிறான்!

படியில் உருண்டு இறங்கி, ஓட்டோ பிடித்து, மைதானத்துக்குப் பறந்தேன். யூட் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். கோட்டுக்கு உள்ளேயே போய் அவனைப் பிடித்தேன்.

"டேய், உன்ரை கண்ணிலை ஒண்டுமில்லை. இஞ்சை காத்து இல்லையடா. கடலை மற. வாசலுக்கு நேரை அடி."

அவன் கண்கள் விரிந்தன. "அப்பிடியோ அத்தான்? நான் யோசிக்கேல்லையே."

எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

மட்ச் தொடங்கியது. முதல் பந்து – வெளியே. பழகிய கால், சொன்னால் கேட்குமா? இரண்டாவது – வெளியே. கோச் கைகளைக் கட்டிக்கொண்டு இடது விங்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்குக் கண் முன்னால் வள்ளம் ஆடியது. மூன்றாவது தடவை யூட் கோட்டோடு வந்தான். நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். கீழ் உதட்டைக் கடித்தான். பந்தை உயர்த்தவே இல்லை... புல்லோடு புல்லாக வெட்டி அனுப்பினான். ஓடி வந்தவன் கால் வைத்தான். கோல்.

பிறகு கால் பணிந்தது. உயர்ந்த பந்துகளும் ஒவ்வொன்றாக வாசலில் வந்து இறங்கின. "இப்பதான் மண்கும்பான் புள்ள வந்திருக்கு" என்றார் கோச்.

பந்து அனுப்புமுன் யூட் கீழ் உதட்டைக் கடிப்பான் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். இத்தனை காலம் மைக் பிடித்தவன் நான்.

கொன்ட்ராக்டில் ஒப்பம் வைத்தான். மாமனார் வள்ளத்துக்குக் கூலிக்கு ஆள் பிடித்தார். யூட் கொழும்பில் ஆடினான். பிறகு மாலைதீவுக் கழகம் ஒன்று கூப்பிட்டது. அங்கே போய் இறங்கிய கிழமையே போன் எடுத்தான்: "அத்தான், இஞ்சை சுத்திவரக் கடல். காத்து இருக்கு. கடலுக்கு அடிக்கிறன், திரும்பி வருது." நல்லாய் ஆடினான். கொழும்புக்குத் திரும்பி வந்தான். சண்டை தொடங்கிப் பாதை பூட்டியபோது ஒரு நத்தார்ப் பண்டிகைக்கும் வீட்டுக்கு வர முடியாமல் போனது. முழங்காலில் அடிபட்டது. விங்கரின் கால் கொஞ்சம் கனத்தால் கோச்மார் அவனைப் பின்னுக்கு இழுத்துக் காவலுக்கு விடுவார்கள். அதன் பிறகு ஓரத்து வாங்கில் குந்த வைப்பார்கள். வாங்கிலிருந்து வீடு. போன கிழமை வந்தது அதைச் சொல்லத்தான். "இனிப் போதும் அத்தான்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டாமா? உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைத் தொடங்கினேன். "அண்டைக்கு நான் மட்டும் காத்தைக் கண்டுபிடிக்காட்டி..."

மெற்றில்டாவுக்கு அடக்க முடியவில்லை. "சொல்லடா. இனியெண்டாலும் சொல்லித் துலை."

யூட் நெளிந்தான். "காத்து இல்லையெண்டது முதல் பந்து வெளியிலை போகேக்கையே தெரியும் அத்தான். கால்தான் பழக்கம் விடேல்லை."

"அப்ப கண் கடைக்கு ஏன் வந்தனீ?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் சொன்னாள்: "நான்தான் சொல்லி விட்டனான், எப்பிடியும் அத்தான்ரை கண்ணைக் காட்டிப்போட்டு வா எண்டு. இஞ்சை எத்தினை தரம் கெஞ்சினனான்? எனக்குப் பருந்துக் கண் எண்டனீங்கள். ஊரே சிரிச்சது."

அன்ரனின் கச்சான் ஞாபகம் வந்தது.

"கடைசி மட்சுக்கு முதல் நாளடா" என்றேன் யூட்டிடம். "பிரக்டிஸை விட்டுப்போட்டு வந்தனீ. எடுக்காட்டி வள்ளமெல்லே?"

"ஓம். ஆனா நீங்களாக் கண் எண்டு வாய் திறந்தது அண்டைக்கு மட்டும்தான். விட்டால் பிறகு உங்களைப் பிடிக்க ஏலாது."

உடைந்த சட்டத்தின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து அவனைப் பார்த்தேன்.

நல்ல பந்து எதுவென்று இப்போது விளங்குகிறது. வந்து விழுவது தெரியாமல் விழ வேண்டும். தலையைக் கொடுத்தவன் தானே அடித்ததாக நினைத்துத் துள்ள வேண்டும். காற்றைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லி நான் கலியாண வீடுகளில் துள்ளினேன். இந்தப் பத்தியிலும் துள்ளினேன். அவன் ஒவ்வொரு முறையும் குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஆகவே, முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அன்றைக்கு யூட் என்னைக் கண் காட்டக் கூட்டிக்கொண்டு போனான்.