ஐந்து கட்டைக்குச் சற்று மேலே

வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நூர்ஜஹான் அழைத்தார். "அக்கா, அவுக மௌத்தாயிட்டாக. மாரடைப்பு. மதியத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." நான் "வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கணவர் சிராஜுதீனை உங்களில் பலர் கல்யாண மண்டபங்களில் ஒலிபெருக்கி கட்டுபவராகப் பார்த்திருப்பீர்கள். எங்கள் கல்லூரி அரங்கில் எதிரொலியைச் சரிசெய்ய வந்தவர், இயற்பியல் ஆசிரியையான என்னோடு ஒரு பிற்பகல் முழுக்க வாதாடினார். பழக்கம் அப்படித் தொடங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன் நூர்ஜஹானுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய பிறகும் மருத்துவமனை இயந்திரங்களின் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை, தூக்கமில்லை. இயந்திர ஒலி எதுவுமில்லாமல், மண், மரம், மூங்கில், தந்தி இவற்றின் ஒலி மட்டும் கொண்ட ஒரு மணி நேர இசையைச் செய்து தருவதாக சிராஜுதீன் அவரிடம் சொல்லியிருந்தார். அறைக்குள் காற்றுபோல அது இருந்தால் போதும், யாரும் கவனிக்க வேண்டியதில்லை என்றார்.

"கவனிக்க வேண்டாத இசையை எதற்கு வாசிக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

"புரொபசரம்மா, தூங்கும்போது பாயைக் கவனிக்கிறீகளா? இல்லாமப் படுத்துப் பாருங்க."

அவர் வீட்டு மாடியின் பின்னறையில் பதிவு நடந்தது. நான் தம்புரா, வாடிப்பட்டி முருகேசன் கடம், சிராஜுதீன் புல்லாங்குழல். இடையிடையே காய்ந்த வாகை நெற்றுகளை உலுக்குவோம். மின்சுருதிப்பெட்டிக்கு அனுமதியில்லை, காதை நம்பியே சுருதி சேர்த்தோம். மின்விசிறியும் கிடையாது. "அண்ணே, பானைக்கே வேர்க்குது" என்பார் முருகேசன்.

கடைசி நாள், வாசிப்பின் நடுவே மின்சாரம் போனது. பதிவுக்கருவி பேட்டரியில் ஓடியதால் நாங்கள் நிறுத்தவில்லை. ஆனால் சிராஜுதீன் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். இசைக்கு அடியிலிருந்த ஏதோ ஒன்று காணாமல் போயிருந்தது. பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டோம். கீழே ஐஸ்கிரீம் கடையின் ஃப்ரீசர். மதுரை வெயிலில் அது ஓயாமல் ஓடியதால் எங்களில் ஒருவருக்கும் தனியாகக் கேட்கவில்லை. ஐந்து கட்டையில் வைத்ததாக நாங்கள் நினைத்திருந்த சுருதி, ஃப்ரீசரின் ரீங்காரத்தோடு சேர்ந்து சற்று மேலேறியிருந்தது.

"கடைக்காரர் பேரையும் போட்டுருவோம்ணே" என்றார் முருகேசன். சிராஜுதீன் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிடப் போவதாகச் சொன்னார்.

"நூர்ஜஹானுக்குத் தெரியவா போகிறது?" என்றேன்.

"அவளுக்குத் தெரியாது. மெஷின் இல்லைன்னு சொன்னவன் நான்தான."

அப்போதே மனைவியை அழைத்துப் பதிவைக் கேட்கவைத்து, உண்மையையும் சொன்னார். நூர்ஜஹான் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது நம்ம வீட்டுச் சத்தம்ல. ஆஸ்பத்திரில அம்புட்டு மெஷின் ஓடுச்சு, இது மட்டும் இல்ல. இருக்கட்டும்."

பதிவு பிழைத்தது. குறுந்தகட்டின் உறையில் வாத்தியங்களின் பெயர்களுக்குக் கீழே "ஃப்ரீசர்" என்று சிராஜுதீன் தன் கையால் எழுதினார். அந்த இசைதான் நூர்ஜஹானைத் தூங்கவைத்தது என்று நான் சொல்ல மாட்டேன், மருந்துகளும் இருந்தன. அவர் தூங்கினார் என்பது தெரியும்.

அடக்கத்தன்று பெண்களோடு அந்த மாடியில் உட்கார்ந்திருந்தேன். துக்கத்துக்காகக் கீழே கடையை மூடியிருந்தார்கள். ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது. நூர்ஜஹான் தரையில் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார்.

என் தம்புரா இன்றும் ஐந்து கட்டைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. தந்தி தளரும்போதெல்லாம் திரும்ப அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறேன். சிராஜுதீனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சுருதி.