படத்தில் இல்லாத நான்கும் எட்டும்

தெருவிழாவுக்காக நூற்றுப் பதினோராம் தெருவின் இரு முனைகளையும் மறித்தாயிற்று. தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டதில் பிள்ளைகள் நனைந்து கூத்தடித்தார்கள். பன்றி வேகும் வாசனை மூலைவரை வந்தது. எழுபத்தாறு வயது எலாதியோ கிரிந்தோங்கோ தெரு நடுவே கைத்தடி ஊன்றி நின்று, விளம்பரப் பலகை எழுதும் அவில்தா தார்ச்சாலையில் தீட்டிய காலடித் தடங்களைச் சரிபார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. இடைவெளி. ஐந்து, ஆறு, ஏழு. மறுபடி இடைவெளி. மாம்போ நடனத்தின் அடிகள்.

எதிர்ச் சுவரில் சொராய்தா மைசொனெத்தின் முகம் இருபதடி உயரத்துக்குச் சிரித்தது. செத்தவர்களுக்கு மட்டுமே சுவரில் முகம் வரைவது இந்த வட்டார வழக்கம். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் முதன்முதலில் மாம்போ சொல்லிக்கொடுத்தவர் என்பதால் சொராய்தாவுக்காக வழக்கத்தை மீறியிருந்தார்கள். மூன்று மணிக்கு அவரே பார்க்க வருகிறார்.

எலாதியோ காலையிலேயே சவரம் செய்து, வெள்ளை லினன் சட்டை போட்டு வந்துவிட்டார். சொராய்தா அவரோடு பேசி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று ஒரு வார்த்தையாவது வாங்கிவிட வேண்டும்.

சொராய்தா பதினான்கு வயதில் மயாகுவெஸ் என்ற தீவு ஊரிலிருந்து விமானமேறி வந்தவர். பகலில் உள்ளாடை தைக்கும் தொழிற்சாலை. புதன் இரவுகளில் பிராட்வே வீதியின் மாடி நடன அரங்கில் ஆட்டம். அவர் ஆட இறங்கினால் மற்ற ஜோடிகள் ஒதுங்கி வட்டம் கட்டும். பிறகு நூற்றுப் பதினாறாம் தெருவில், மரச்சாமான் கடையின் மேல்மாடியில் வகுப்பு தொடங்கினார். தபால்காரரான எலாதியோதான் ஜோடி, உதவி ஆசிரியர், ஊரார் கணக்கில் வருங்கால மாப்பிள்ளை.

வகுப்பில் ஒரே விதி. புதிதாக வருபவர் முதல் மாதம் காலை அசைக்கக் கூடாது. கொங்கா மேளத்தின் தோலில் உள்ளங்கையை வைத்து நிற்க வேண்டும்; அவ்வளவுதான். எண்ணிக்கை கிடையாது. "எண்ணிக்கை கடைக்காரனுக்கு, உனக்கு இல்ல" என்பார். பாதிப் பேர் இரண்டாம் வாரமே ஓடிவிடுவார்கள். எலாதியோவுக்கு மட்டும் அந்த மாதம் விலக்கு. பார்க்க நன்றாக இருந்தார், அரங்குக்கு அவசரமாக ஒரு ஜோடி வேண்டியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் சொராய்தா தாயைப் பார்க்க ஊருக்குப் போனார். ஆறு வாரம். வகுப்பு காலியாகிவிடுமே என்று எலாதியோ தன் கால்களையே பார்த்து ஒரு படம் வரைந்தார். ஒவ்வொரு தடத்திலும் எண். நான்கிலும் எட்டிலும் அவர் கால் சும்மா நின்றது. அங்கே 'ஓய்வு' என்று எழுதினார். சொராய்தா திரும்பியபோது மாடி கொள்ளாத கூட்டம் படத்தைப் பார்த்து எண்ணி ஆடிக்கொண்டிருந்தது; யார் கையும் மேளத்தில் இல்லை. வாசலில் நின்று பார்த்தவர், அப்படியே படியிறங்கிப் போனார். அதன் பிறகு வகுப்பும் எடுக்கவில்லை, எலாதியோவோடு பேசவும் இல்லை. படம் மட்டும் பிரதி பிரதியாக ஊர் ஊராகப் போனது.

மூன்றே காலுக்குச் சொராய்தாவின் சக்கர நாற்காலி வந்தது. தள்ளியவள் தங்கை மகள் இவெலிஸ்.

சொராய்தா சுவரை அண்ணாந்து பார்த்தார். "ஏன்டி, என்னைப் பொதைச்சாச்சா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

"சும்மா இரு தீத்தி," என்று பெரியம்மாவை அடக்கினாள் இவெலிஸ். "எவ்வளவு அழகா வரைஞ்சிருக்காங்க."

"மூக்கு என்னோடது இல்ல. ஆனா இதுவே நல்லாருக்கு, இருக்கட்டும்."

தெரு சிரித்தது. சொராய்தா தரையைப் பார்த்தார், அப்புறம் எலாதியோவை. "நாலு எங்கடா?"

இருபத்தாறு ஆண்டுகளில் முதல் வார்த்தை. எலாதியோ தடியால் இடைவெளியைத் தொட்டுக் காட்டினார். "அது... ஓய்வு, சொராய்தா."

"யாருக்கு ஓய்வு? உனக்கு. நீ உன் காலைப் பாத்து வரைஞ்ச. எதுக்க ஒருத்தி ஆடினாளே, அவ காலை என்னிக்காவது பாத்தியா?"

அவில்தா தூரிகையோடு நிமிர்ந்தாள். "பெயிண்ட் இன்னும் இருக்கு எலாதியோ ஐயா. எங்க வைக்கணும்னு சொல்லுங்க, வச்சிடறேன்."

எலாதியோ கண்ணை மூடிப் பார்த்தார். சொராய்தாவின் இடுப்பு ஞாபகம் வந்தது, மல்லிகை வாசனை, பச்சை உடை. பாதம் வரவில்லை. இடதா? விரலா, குதிகாலா? "நீயே காட்டேன்," என்றார்.

"இந்தக் காலை வச்சா? போய் மேளத்தைக் கேளு."

வாத்தியக்காரர்கள் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலாதியோ தடியை இவெலிஸிடம் கொடுத்துவிட்டு நொண்டி நொண்டிப் போய், கொங்காவின் தோலோரத்தில் உள்ளங்கையை வைத்தார். அடிக்கச் சொன்னார். நான்கில், அவர் ஓய்வென்று எழுதிய அதே இடத்தில், மேளத்தின் கனத்த சத்தம் எழும்பி முழங்கைவரை ஏறியது. எட்டிலும் அப்படியே. இத்தனை வருஷம் அந்த இடத்தில்தான் சும்மா நின்றிருக்கிறார். இப்போது கை கேட்டது; அறுவையில் உலோக மூட்டு வைத்த இடுப்புக்குக் கீழே கால் எதுவும் சொல்லவில்லை.

"என்னங்க, கடைசியாக் கேக்கறேன்," என்றாள் அவில்தா. "காயுது. எந்தக் கால்?"

இத்தனை ஆண்டுகளாகத் தெருவே வாத்தியார் என்று கூப்பிட்ட மனிதர். "எனக்குத் தெரியல," என்றார்.

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். சொராய்தா சிரிக்கவில்லை.

"இதை அன்னிக்கே வாசல்ல வந்து சொல்லியிருந்தா, எலாதியோ, நான் படி இறங்கியிருக்கவே மாட்டேன்."

பிறகு தங்கை மகளின் கையைத் தட்டினார். "வெயில் சுடுது, போலாம்."

சக்கரங்கள் தடங்களின் மேல் ஏறிப் போயின. அவில்தா தூரிகையைக் கழுவினாள். வாத்தியம் தொடங்கியதும் ஊரே தெருவில் இறங்கி, ஒன்று இரண்டு மூன்று என்று ஆடி, நான்கில் ஒழுங்காக நின்றது.