தேத்தண்ணியும் மருந்தும் ஒரே கோட்டில்

முதல் நாள்

நான் நடத்திய முதல் பயிற்சி காலை பதினொரு மணிக்கே படுத்துவிட்டது.

முப்பது ஆண்டுகள் கிளினிக்குகளில் தாதியாக, இங்குள்ளவர்கள் சொல்வதுபோல் மிஸ்ஸியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டங்களில் சிறு பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். யோசிக்கக்கூட இல்லை, உடனே சரி என்றேன். ஒரு மாதம் உட்கார்ந்து அறுபது ஸ்லைடு தயாரித்தேன்.

ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மண்டபத்தில் பயிற்சி. பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வெள்ளைச் சீருடையில் கிளினிக் தாதிகள் முன்வரிசையில். பாலர் பள்ளி ஆசிரியைகள் நடுவில். கடைசியில், கதவோரமாக, ஆயாக் கொட்டகைப் பெண்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்துக்கு இங்கே ஆயாக் கொட்டகை என்றுதான் பெயர்.

“ஒருங்கிணைந்த முன்பருவ மேம்பாட்டுச் சேவை” என்ற முதல் ஸ்லைடையே அரை மணி நேரம் விளக்கினேன். பிள்ளையின் உடல்நலம், சாப்பாடு, விளையாட்டு, படிப்பு நான்கையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டேன். பின்னால் ஒரு கை உயர்ந்தது. பாக்கியம் என்ற ஆயா. இருபது வருடமாக அதே கொட்டகையில் இருப்பவர்.

“மிஸ்ஸி, எத்தன மணிக்கு முடியும்? புள்ளைங்களுக்கு சோறு ஊட்டணும் லா.”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்று கூட்டமும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஒரு பிள்ளையின் ஒரு நாள்

மறுநாள் ஸ்லைடு எதுவும் போடவில்லை. ஓர் ஆயா, ஒரு தாதி, ஓர் ஆசிரியை என்று மூன்று மூன்று பேராக உட்கார வைத்தேன். மூவருக்கும் தெரிந்த ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை காலையில் கண்விழிப்பதிலிருந்து இரவு தூங்குவது வரை என்ன சாப்பிடுகிறது, எங்கே இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மணிவாரியாக ஒரு பெரிய தாளில் எழுத வேண்டும்.

பாக்கியம் அக்காவின் குழுவில் தாதி புனிதா, பாலர் பள்ளி ஆசிரியை கஸ்தூரி. அவர்கள் எடுத்துக்கொண்ட பிள்ளை யாழினி. நான்கு வயது ஆகப்போகிறது. கொழுந்தெடுக்கும் சாந்தியின் ஒரே மகள்.

யாழினியின் பெயரைச் சொன்னதுமே மூவரும் பெருமூச்சு விட்டார்கள்.

“மூணு மாசமா இரும்புச்சத்து மருந்து குடுக்கிறேன் மிஸ்ஸி,” என்றார் புனிதா. “ரத்தம் ஏறவே இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டேன். சாந்தி ராத்திரியெல்லாம் அழுவுதாம், புள்ளைக்கு ரத்தத்துல பெரிய நோய்னு.”

“என் கிளாஸ்ல ரெண்டு நாள் ஒக்கார வச்சுப் பாத்தேன்,” என்றார் கஸ்தூரி. “பாட்டுப் பாடும்போதே தூங்கி விழுது. இந்தப் புள்ளையச் சேக்க முடியாதுன்னு சாந்திகிட்ட சொல்லிட்டேன்.”

பாக்கியம் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வெளையாடவே வராது மிஸ்ஸி. செவுத்துல சாஞ்சு ஒக்காந்தே இருக்கும். தங்கமான புள்ளன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

எழுதும் வேலை கஸ்தூரிக்கு. பிள்ளை சாப்பிடுவதற்குப் பச்சைப் பேனா, மருந்துக்குச் சிவப்பு. பாக்கியம் அக்கா சொல்லச் சொல்ல எழுதினார். ஆறு மணிக்கு சாந்தி பிள்ளையை விட்டுச் செல்வது, போத்தலில் தேத்தண்ணி. எட்டு மணிக்குப் பசியாற ரொட்டி, தேத்தண்ணி. பத்து மணிக்கு, மதியத்துக்கு, தூங்கி எழுந்ததும் மறுபடி தேத்தண்ணி.

நான் வேறொரு குழுவின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கஸ்தூரி கூப்பிட்டார்.

“மிஸ்ஸி, இங்க கொஞ்சம் வாங்க. செவப்பும் பச்சையும் ஒரே கோட்டுல வருது. நான் தப்பா எழுதிட்டனா?”

“தப்பு இல்ல,” என்றார் பாக்கியம் அக்கா. “அந்த மருந்து துரு நாத்தம் லா. சும்மா குடுத்தா துப்பிரும். தேத்தண்ணி போத்தல்ல ஊத்திக் குலுக்கிக் குடுத்துருவேன். ஒரு சொட்டு வீணாக்குனதில்ல.”

புனிதா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“தேத்தண்ணியிலயா!”

தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தாதிப் பயிற்சியில் முதல் வருடமே படித்த பாடம். பிள்ளைக்கு மூன்று மாதமாக மருந்து தவறாமல் போயிருக்கிறது, தவறாமல் வீணாகவும் போயிருக்கிறது. கிளினிக்கில் இருந்தவருக்கு மருந்து மட்டும் தெரியும். கொட்டகையில் இருந்தவருக்குப் போத்தல் மட்டும் தெரியும். இரண்டும் சந்தித்தது கஸ்தூரியின் தாளில்தான்.

அடுத்த நிமிடம் எல்லாக் குழுக்களும் தங்கள் தாளில் தேத்தண்ணியைத் தேட ஆரம்பித்தன. “எங்க புள்ளையும்!” “இங்கயும் ரெண்டு வேள!” என்று ஒரே கூச்சல். என் அறுபது ஸ்லைடுக்குக் கிடைக்காத சத்தம்.

பாக்கியம் அக்கா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான்தான் அந்தப் புள்ளைய கெடுத்துட்டனா மிஸ்ஸி?”

நான் வாயைத் திறக்கும் முன் புனிதா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“இல்லக்கா. ரெண்டு வேள குடுக்கணும்னு மட்டும்தான் நான் சீட்டுல எழுதினேன். எதோட குடுக்கக்கூடாதுன்னு எழுதல. நீங்க ஒரு வேளகூட விடல. நான்தான் கேக்காம விட்டேன்.”

முப்பது ஆண்டுகளில் நானும்தான் எழுதியதில்லை. அதை எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

துரையிடம்

அன்று மதியமே மூவரும் சாந்தியைப் பார்க்கப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாந்தி கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். தாதியும் ஆசிரியையும் ஆயாவும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“என் புள்ளைக்கு என்னாச்சுக்கா?”

“ஒண்ணும் ஆகல. தேத்தண்ணிய நிறுத்துறோம்,” என்றார் பாக்கியம் அக்கா.

சாந்திக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கூடைக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டும், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று புனிதா அவளிடம் அழுத்திச் சொன்னார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. கொட்டகைக்குத் தேயிலையை இலவசமாகக் கொடுப்பது தோட்ட நிர்வாகம். மேனேஜரை இன்றும் துரை என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பயிற்சியின் கடைசி நாள் அவர் மண்டபத்துக்கு வந்தார். சுவரெல்லாம் தாள்கள், தேத்தண்ணி எழுதிய இடமெல்லாம் சிவப்பு வட்டம்.

“என்னம்மா இது? டீ எஸ்டேட்லயே டீ குடிக்காதேன்னு எழுதி ஒட்டுறீங்க?”

நான் விளக்கம் சொல்லத் தடுமாறினேன். பாக்கியம் அக்கா கதவோரத்திலிருந்து முன்னால் வந்தார்.

“தொர, புள்ளைங்க வளந்து பெரிசானா நெறையா குடிக்கும். இப்ப ரத்தம் ஊறட்டும் லா. தேயிலைக்குப் பதிலா எங்களுக்குத் தக்காளி குடுங்க.”

துரை விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துத் திரிங்காப் காய்கறித் தோட்டங்களில் லோரியில் ஏற்றாமல் ஒதுக்கும் தக்காளி நல்ல தக்காளிதான், உருவம்தான் கோணல். வாரம் இருமுறை கொட்டகைக்கு வர ஏற்பாடு செய்தார். தக்காளிச் சாறு இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். யாழினியின் மருந்து அந்தச் சாற்றோடு போனது.

குரல்செய்தி

பயிற்சி முடிந்ததும் மூவரும் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து என்னையும் சேர்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சோதனையில் வேறு நோய் எதுவும் இல்லை என்று சாந்தி அதில் சொல்லியனுப்பினாள். சில வாரம் கழித்து, பிரிஞ்சாங் சந்தையில் நான் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது பாக்கியம் அக்காவின் குரல்செய்தி வந்தது. பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

“மிஸ்ஸி! இவள புடிக்க முடியல லா! மேச மேல ஏறி நிக்கிறா. பக்கத்துப் புள்ளையக் கடிச்சு வச்சுட்டா! தங்கமான புள்ளையா இருந்தாளே, இப்ப பேயாட்டம் ஆடுறா!”

சொல்லச் சொல்லச் சிரிப்பும் அழுகையும் கலந்துவிட்டது அவருக்கு. அடுத்த நிமிடம் புனிதா: “ரத்தம் ஏறிடுச்சு மிஸ்ஸி, இப்பதான் பாத்தேன்!” அதற்கடுத்து கஸ்தூரி: “ஜனவரியில என் கிளாஸுக்கு வரட்டும். கடிக்காம இருக்க நான் சொல்லிக் குடுக்கிறேன்.” கீரைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டியபடி நின்றிருந்தார். நான் சந்தை நடுவில் நின்று அந்தக் குரல்செய்தியை நான்கு முறை கேட்டேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பணியில் இருந்த காலமெல்லாம் தாய்மாரிடம் நான் கேட்டது, “மருந்து கொடுத்தீர்களா?” என்றுதான். “கொடுத்தேன்” என்பார்கள். அது உண்மைதான். அட்டையில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன். இப்போது பயிற்சிக்குப் போகும் இடங்களில் தாய்மாரிடம், “எப்படிக் கொடுத்தீர்கள்?” என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.