அண்ணாந்து குடித்த கொப்பளிப்பு மருந்து

சோலைமலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆத்தூர்ப் பக்கத்து நெல் தரகர், ஐம்பது வயது மனிதர். மூட்டைக்குள் கைவிட்டு நாலு நெல்லை எடுப்பார், முன்பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈரம். அவர் சொல்லிவிட்டால் திண்டுக்கல் மண்டியில் மறுபேச்சு கிடையாது. அந்தப் பல்தான் அவருக்குச் சோறு போட்டது.

1962இல் அந்தப் பல் ஆட ஆரம்பித்தது. ஈறோரமெல்லாம் மஞ்சளாக அழுக்கு, கடித்தால் ரத்தம். நான் அப்போது பல் டாக்டரிடம் நர்சு. டாக்டர் அழுக்கைச் சுரண்டி எடுத்தார். "நல்லாப் பல்லைத் தேய்ச்சிட்டு, இதை ரெண்டு வேளை வாயில ஊத்துங்க" என்று சிவப்பு மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார்.

பத்து நாளில் பாட்டில் காலி. அழுக்கு மறுபடி அப்பியிருந்தது. இரண்டாவது பாட்டிலுக்கும் அதே கதை. மூன்றாவதை என் முன்னாலேயே வாயில் ஊற்றச் சொன்னேன். மனிதர் அண்ணாந்தார். பாட்டில் உதட்டில் படாமல் உயரத் தூக்கி, மடமடவென்று தொண்டைக்குள் இறக்கிவிட்டார். பல்லில் ஒரு சொட்டு படவில்லை!

"அட மாதாவே! கொப்பளிச்சுத் துப்பணும்யா!"

"நல்ல மருந்தைப் போயித் துப்புவாங்களா தாயி? வாய் வச்சா பாட்டில் எச்சிலாயிரும்ல?"

தலையில் அடித்துக்கொண்டேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கன்னம் உப்ப நானே கொப்பளித்துக் காட்டினேன். கற்றுக்கொண்டார். அதோடு விட்டாரா? வாய் நாற்றம் போனதும் பல் தேய்ப்பதையே நிறுத்திவிட்டார்.

"அதான் மருந்து அலசுதுல்ல, வேப்பங்குச்சி எதுக்கு?"

"சட்டியில அடிப்பிடிச்சது அலசுனாப் போகுமா? உங்களோட மாரடிக்க என்னால ஏலாதுய்யா!"

சிரித்துக்கொண்டே போனார்.

தை அறுவடையில் வந்தார். முன்பல் இரண்டும் இல்லை. நெல்லைக் கடித்தபோது பெயர்ந்து விழுந்துவிட்டதாம். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் மடியிலிருந்து நாலு நெல்லை எடுத்து என் கையில் வைத்தார்.

"கடிச்சுச் சொல்லு தாயி. காஞ்சிருக்கா, ஈரமா? மண்டியில காத்துக்கிட்டு இருக்காக."

கடித்தேன். உடைந்ததா நசுங்கியதா, எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றைக் கடித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.