பெயர் கப்பலில் இருக்கிறது

என் மகளுக்கு அந்தப் பெயரைச் சொன்னது யார்?

மழை தொடங்குவதற்கு முன் நடந்தது இது. இப்போது மழைக்காலமே முடியப் போகிறது. சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

நானும் மகளும் சின்ன அந்தமான் தீவில், ஹட் பேயில் என் அம்மாவோடு இருக்கிறோம். கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மகளுக்கு ஐந்து வயது. விவரம் தெரிந்த நாளாக அவள் அப்பாவைப் போன் திரையில்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். இந்த வருடம் ஒருவழியாகக் குடும்ப விசாவுக்கு அவருடைய முதலாளி சம்மதித்தார். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. மகளுக்குத்தான் எடுக்க வேண்டும். நேரில் வரச் சொல்லிப் போர்ட் பிளேரில் ஒரு தேதி கிடைத்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் முதலாளியின் மனம் மாறிவிடலாம் என்று கணவர் பயந்தார். அவர் பயந்தால் நான் இரண்டு மடங்கு பயப்படுவேன். காஸை அணைத்தேனா என்று கப்பல் துறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடிப் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கப்பல் ஏறினால் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். பாப்பா, குட்டி, ஏய் என்று எதையாவது சொல்லிச் சமாளிப்போம். நாங்கள் நிக்கோபார் பக்கம் கட்சால் தீவில் இருந்தவர்கள். அங்கே ரப்பர் தோட்டத்தில் அப்பா பால் வெட்டினார். சுனாமிக்குப் பிறகு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஹட் பே வந்துவிட்டார். அன்று காலையில் மேட்டில் நின்றுகொண்டு எல்லாரும் அவரவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லித்தான் கத்தினார்களாம். "கடலு எல்லாப் பேரையும் கேட்டுக்கிச்சு. இனிமே இருக்குற பேரையாச்சும் அதுக்குச் சொல்லாம இருப்போம்" என்பார் அம்மா. நான் பி.காம். படித்தவள். ஆனாலும் கப்பல் துறையில் மகளிடம் குனிந்து, காதோடு சொன்னேன்: "கப்பல்ல யாராவது பேர் கேட்டா சொல்லக்கூடாது. சரியா?"

"கேட்டா என்ன சொல்றது?"

"எதையாவது சொல்லு. உன் பேரை மட்டும் சொல்லாதே."

இப்படிச் சொன்னதைத்தான் இன்றுவரை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அன்று கடல் கொந்தளிப்பாக இருந்தது. எனக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. வாந்தி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மகளுடைய ஃபிராக்கின் நுனியை விரலில் சுற்றிப் பிடித்தபடி பங்க் படுக்கையில் படுத்தேன். பட்டப்பகல்தான். ஆனாலும் கண் சொக்கியது. அரைத் தூக்கத்தில் மகள் யாரிடமோ "அச்சா, அச்சா" என்று சொல்வது கேட்டது. ஒருமுறை சிரித்தாள். விழித்துப் பார்த்தபோது போர்ட் பிளேர் தெரிய ஆரம்பித்திருந்தது. ஃபிராக்கின் நுனி என் விரலிலேயே இருந்தது. எதிரே இருந்த பங்க்கில் யாரும் இல்லை. ஏறும்போதும் அது காலியாகத்தான் இருந்தது. டெக்கிலிருந்து ஏதாவது குழந்தை வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்தேன். அப்போதே யாரிடமாவது கேட்டிருக்கலாம். பைகளை எடுப்பதில் மறந்துபோனேன்.

மறுநாள் காலை பாஸ்போர்ட் அலுவலகம். டோக்கன் வாங்கிக்கொண்டு ஏசி குளிரில் உட்கார்ந்திருந்தோம். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே இல்லை. தோளைத் தொட்டால்தான் பார்த்தாள். கப்பல் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ எடுக்கும் கவுண்ட்டரில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். "குட்டி, இங்க பாரு, இந்த லைட்டைப் பாரு" என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, மகள் என் தோளுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

கடைசிக் கவுண்ட்டரில் மெயின்லேண்டிலிருந்து வந்த ஓர் அதிகாரி. வயதானவர். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். மஸ்கட்டிலிருந்து கணவர் அனுப்பிய சம்மதக் கடிதத்தைப் பார்த்தார், தலையாட்டினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டேன். அவர் மகளைப் பார்த்துச் சிரித்து, "பேட்டா, ஆப்கா நாம் க்யா ஹை?" என்று கேட்டார்.

மகள் பளிச்சென்று ஒரு பெயரைச் சொன்னாள்.

அது என் அக்காவின் பெயர்.

சுனாமி வந்தபோது அக்காவுக்கு ஏழு வயது, எனக்கு நான்கு. அந்தக் காலையில் கரைப்பக்கம் போனவள் திரும்பவில்லை. அப்பாவும் அவளைத் தேடிப் போய்த் திரும்பவில்லை. வீட்டில் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அம்மா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று கணவருக்குத் தெரியும், பெயர் தெரியாது. நானும் வாய்விட்டுச் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. இங்கேயும் எழுத மாட்டேன்.

அதிகாரி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், இதர் தோ தூஸ்ரா நாம் ஹை." இங்கே வேறு பெயர் இருக்கிறதே என்கிறார். அவர் என்னைக் காட்டி, இது யார் என்று மகளிடம் கேட்டார். "யே கௌன் ஹை?"

"தங்கச்சி" என்றாள் மகள்.

அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. போட்டோ எடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அவள் வந்து மகளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"குட்டி, பயப்படாமச் சொல்லு. இவங்க உனக்கு யாரு? சொன்னா சாக்லேட் தரேன்."

"சாக்லேட் வேணாம். திங்கக்கூடாதுன்னு அம்மா திட்டும்."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "சார், அம்மாதான் சார். திட்டெல்லாம் வாங்குது." பிறகு என்னிடம், "ஏன்க்கா, வீட்ல வேற பேர் வச்சுக் கூப்பிடுவீங்களா? முன்னாடியே சொல்லக் கூடாதா? உங்க மூஞ்சி வெளுத்துப் போச்சு, அதைப் பார்த்தே சாருக்குச் சந்தேகம் வந்துடும்" என்றாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. யாருடைய பிள்ளையையோ வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறேனோ என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். நான் மகளை அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. கெஞ்சும் குரலில் கூப்பிட்டேன், அதட்டியும் கூப்பிட்டேன். பக்கத்துக் கவுண்ட்டர்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், இவள் மட்டும் திரும்பவில்லை. பிடிவாதம் பிடிக்கிற முகமாகவும் அது இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல நின்றாள்.

"ஃபாதர் ஸே பாத் கராவ்" என்றார் அதிகாரி. அப்பாவோடு பேச வைக்கச் சொல்கிறார்.

நல்ல வேளையாகக் கணவர் வீடியோ காலை எடுத்தார். கூரை மேல் ஏதோ மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஏய் குட்டி!" என்றதும் மகள் "அப்பா!" என்று குதித்தாள். கப்பலைப் பற்றி, டால்பினைப் பற்றியெல்லாம் சொன்னாள். அதிகாரி எட்டிப் பார்த்து, பெயரைக் கேட்கச் சொன்னார்.

"குட்டி, அங்கிள் கேக்குறாங்கல்ல, உன் பேரைச் சொல்லு."

"இப்ப என்கிட்ட இல்லப்பா."

"எங்க போச்சு?"

"கப்பல்ல இருக்கு."

கணவர் உரக்கச் சிரித்தார். தமிழ்ப் பெண் அதை இந்தியில் சொன்னதும் அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆஜ்கல் கே பச்சே", இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று தலையை ஆட்டிக்கொண்டே கீபோர்டில் தட்டினார். வேலை முடிந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். நான் தூங்கும்போது எதிர் பங்க்கில் ஒரு தீதி இருந்தாளாம். இங்கே பிள்ளைகள் அக்காவை இந்தியில் அப்படித்தான் சொல்வார்கள். பெயர் கேட்டாளாம். இவள் சொல்ல மாட்டேன் என்றாளாம்.

"அப்ப என் பேரை நீ வச்சுக்கோ, உன் பேரை நான் வச்சுக்கிறேன்னு தீதி சொன்னா. திரும்பி வர்றப்போ மாத்திக்கலாம்னு சொன்னா."

"உன் பேரைச் சொன்னியா?"

"காதுல சொன்னேன். யாருக்கும் கேக்கலம்மா."

"இந்தியிலயா பேசுனா?"

"இல்ல. பாட்டி மாதிரி பேசுனா."

நான் அம்மாவுக்குப் போன் போட்டு, கப்பலில் வந்த தீதியைப் பற்றிச் சொன்னேன். இவளுக்கு அந்தப் பெயரை நீங்கள் எப்போதாவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

"நான் ஏன் புள்ள சொல்லப்போறேன்?" என்றார். பிறகு, "அந்தப் புள்ள காதுல என்னா போட்டிருந்துச்சு, கேளு" என்றார்.

கேட்டேன். மகள் இளநீர் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "தோடு. ஒரு காதுல மட்டும்."

அதை அப்படியே சொன்னதும் அம்மா போனை வைத்துவிட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். முந்தின நாள் அக்கா ஒரு தோட்டைத் தொலைத்திருந்தாளாம். அதைத் தேடத்தான் விடிந்ததும் கரைக்குப் போனாளாம். இத்தனை வருடத்தில் இது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நான் எப்படி மகளுக்குச் சொல்லியிருப்பேன்?

திரும்பும்போது நான் கப்பல் ஏறவில்லை. வாந்தி தாங்காது என்று காரணம் சொல்லி, அலைந்து திரிந்து, தீவுகளுக்கிடையே ஓடும் அரசு ஹெலிகாப்டரில் இடம் வாங்கினேன். மேலே போகும்போது மகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அழுதாள். "தீதி அங்க வெயிட் பண்ணுவா" என்றாள். கீழே கடல் நீலமாக, ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

பாஸ்போர்ட் தபாலில் வந்துவிட்டது. பெயர் சரியாக இருக்கிறது. மகளிடம் காட்டி இது யார் என்று கேட்டால், போட்டோவைத் தொட்டு "நான்" என்கிறாள். பெயரைப் படித்துக் காட்டினால், "அது தீதிகிட்ட இருக்கு" என்கிறாள். சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள், அங்கன்வாடி டீச்சரிடம் பாட்டு கற்றுக்கொள்கிறாள். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் சொந்தப் பெயருக்கு மட்டும் திரும்புவதில்லை. போன வாரம் கொல்லையில் அம்மா அவளை அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டேன். "என்னா?" என்று உடனே ஓடிப் போனாள். அம்மா ஒன்றும் வேலை சொல்லவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே திரும்பிப் போய்விட்டேன்.

தனியாக உட்கார்ந்து யோசித்தால் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைக்கிறது. அந்தப் பெயர் நம்மவர்களிடம் சாதாரணமாக உள்ள பெயர்தான். ஒற்றைத் தோட்டோடு திரிகிற பிள்ளைகள் எந்த ஊரிலும் உண்டு. கட்சாலிலிருந்து வந்த குடும்பங்கள் ஹட் பேயில் இன்னும் இருக்கின்றன. நான் இல்லாதபோது அம்மாவே வாய்தவறிச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்தால் நம்புகிறேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நம்ப முடியவில்லை.

இப்போது விசாவும் வந்துவிட்டது. அடுத்த மாதம் போர்ட் பிளேர் போய் விமானம் ஏற வேண்டும். மஸ்கட்டில் இறங்கியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து மகளிடம் பெயரைக் கேட்கலாம். அங்கே சாக்லேட்டோடு வர தமிழ்ப் பெண் யாரும் இருக்க மாட்டாள். வெளியே அவள் அப்பா நின்றுகொண்டிருப்பார். கப்பலில் போனால் பெயரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று மகள் உறுதியாகச் சொல்கிறாள். ஹட் பே வந்த பிறகு கரைக்கே போகாத அம்மா, எங்களை வழியனுப்பக் கப்பலில் வருகிறேன் என்கிறார். புதுத் தோடு ஒன்று வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். கணவரோ, பேசாமல் ஹெலிகாப்டரில் வா, ஊர் மாறினால் குழந்தை எல்லாவற்றையும் மறந்துவிடும் என்கிறார்.

கப்பலில் போனால் அவள் பெயரை வாங்கிக்கொண்டு இறங்குவாளா, அல்லது அந்தத் தீதி இவளையே வைத்துக்கொள்வாளா? ஹெலிகாப்டரில் போனால் என் மகளின் பெயரைக் கடலில் விட்டுவிட்டுப் போகிறவள் ஆகிவிடுவேனா? டிக்கெட் எடுக்க இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள், கடலுக்கு ஒருவரைக் கொடுத்தவர்களும் இருப்பீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. நீங்களாக இருந்தால் எதில் ஏறுவீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.