ஒன்பதாவது எபிசோடில் வெட்டிய வரி

என் அக்காவுக்குப் படம் பார்ப்பதுதான் வேலை. கேட்பவர்கள் கொடுத்துவைத்தவள் என்பார்கள். ஒரு நிமிஷப் படத்தை ஒரு மணி நேரம் பார்ப்பவளை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஜப்பானிய அனிமே தொடர்களுக்குக் கீழே ஓடும் தமிழ் வரிகளை எழுதுகிறாள். திரையில் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, படித்து முடிப்பதற்குள் மறையவும் கூடாது. அதனால் எழுதுவதைவிட வெட்டுவதே அதிகம். ஆபீசில் அவள் பெயர் கத்திரி. வீட்டிலும் நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "புரிஞ்சுது, மேல சொல்லு" என்பாள்.

அவள் வரிகளைச் சரிபார்த்தவள் குண்டூசி. எங்கே தப்பு இருந்தாலும் குத்திக் காட்டுவதால் வந்த பெயர். இரண்டு பேருக்கும் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரே சாப்பாட்டு டப்பா. எட்டு மாதத்துக்கு முன்னால் குண்டூசி திடீரென்று மாடிக்கு இடம் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அதோடு பேச்சும் நின்றுபோனது. ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமே நடக்கல, அவளா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா" என்பாள் அக்கா. இப்போது குண்டூசி வேலையை விடுகிறாள், மாசக் கடைசியோடு போகிறாள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு அக்கா எனக்குப் போட்ட டீயில் இரண்டு வேளையும் சர்க்கரை இல்லை. குண்டூசியை ஒரேயடியாக இழந்துவிடுவோமோ என்று பயந்துபோயிருந்தாள், ஒத்துக்கொள்ளத்தான் மனசில்லை.

அந்த நேரம் பார்த்துப் படகுத் தொடரின் இரண்டாவது சீசன் வந்தது. ஆற்றில் படகு ஓட்டும் இரண்டு தோழிகளின் கதை. ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. முதல் சீசன் முழுக்க நகமும் சதையுமாக இருந்தவர்கள். இதில் ஐந்தாவது எபிசோடில் குட்டை, "நீ அன்னைக்கே சொல்லிட்டே" என்று கயிற்றைத் துறையில் வீசிவிட்டு நடையைக் கட்டுகிறாள். தமிழ் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். காரணமே இல்லாத சண்டை, எழுதியவனுக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று பக்கம் பக்கமாகத் திட்டு. அக்காவும் அதே கட்சி. சாப்பிட உட்கார்ந்த என்னைப் பிடித்துவைத்துப் பாடம் எடுத்தாள். தோழிகள் சண்டை என்றால் அது முன்னாலேயே எங்கேயாவது முளைவிட்டிருக்க வேண்டுமாம். இது மொட்டைக் கடுதாசி மாதிரி வந்து விழுகிறதாம்.

எனக்கு ஒரு சந்தேகம். மற்ற மொழிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அக்கா போனில் தேடிப் பார்த்தாள். அவர்கள் அதே சண்டையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்குன்னு சொல்றாளே, என்னைக்கு?" என்றேன்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து முதல் சீசனைப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அதிலேயே போனது. தமிழ் வரிகளை மறைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்டாள். எனக்குப் பாஷை தெரியாததால் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது எபிசோடில் இன்ஜின் இருமுகிறது. நெட்டை கட்டளையாகப் போடுகிறாள், நடுவில் சிரித்துக்கொண்டே என்னவோ சொல்கிறாள். குட்டையின் முகம் ஒரு கணம் சுருங்கி, சட்டென்று சரியாகிவிட்டது.

இப்போது என்ன சொன்னாள் என்று கேட்டேன். அக்கா அதையே மூன்று தடவை ஓட்டினாள்.

"நீ இல்லேன்னாலும் இது ஓடும்னு சொல்றா."

மறைத்த வரிகளைத் திறந்தாள். 'எண்ணெயைப் பார். குழாயை இறுக்கு.' அவ்வளவுதான் இருந்தது. இடம் போதவில்லை என்று அக்காதான் மீதியை வெட்டியிருந்தாள்.

லேப்டாப்பில் அந்த எபிசோடின் பழைய கோப்பைத் திறந்தாள். அதன் ஓரத்தில் சரிபார்ப்பவர் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. 'இதை வெட்டாதே, குட்டையின் முகத்தைப் பார்' என்று குண்டூசி எழுதியிருந்தாள். அடங்காது என்று அக்கா பதில் போட்டிருந்தாள். குழாய் வரியை வெட்டிவிட்டு இதை வை, இல்லையென்றால் நான் சரி போட மாட்டேன் என்று மறுபடி குண்டூசி. அதன் கீழே அக்காவின் கடைசிக் குறிப்பு: 'நீ பார்க்காவிட்டாலும் இது வெளியாகும்.' அந்தக் குறிப்பின் தேதிக்கு மறுநாள்தான் குண்டூசி மாடிக்குப் போனது.

அக்காவுக்கு அதை எழுதிய ஞாபகமே இல்லை. பொய் சொல்லவில்லை, அவள் முகம் எனக்குத் தெரியும். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. கோப்பை மூடிவிட்டு, சண்டையை நன்றாகத்தான் எழுதியிருக்கிறான் என்று முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை குழாயை வெட்டிவிட்டு அந்த வரியைப் போட்டாள். வெளியான வரியைத் திருத்த, முதலில் சரிபார்த்தவரே ஒப்புதல் தர வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்பியிருக்கலாம், ஆனால் மாடி ஏறினாள். குண்டூசி திருத்தத்தைப் படித்தாள், சரி போட்டாள், திரும்பவில்லை. அக்கா ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாளாம். புது இடத்தில் வேலை உறுதியாகிவிட்டது, போவது போவதுதான் என்று குண்டூசி முதலிலேயே சொல்லிவிட்டாளாம்.

"தெரியும். நீ இல்லாம எனக்கு ஓடல. எட்டு மாசமா ஓடல."

குண்டூசி அப்போதுதான் திரும்பினாள்.

"இப்ப சொன்னது ரெண்டு வரிக்குள்ள அடங்குதே. அன்னைக்கே எழுதியிருக்கலாம்ல?"